அமேசானில் காடழிப்பு குறைந்தது, கூடியது, மீண்டும் குறைந்தது: பிரேசிலின் இருபது ஆண்டுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பிரேசிலின் அமேசானில் 2004ஆம் ஆண்டில் அழிந்த காட்டின் பரப்பு 27,772 சதுர கிலோமீட்டர். 2012இல் அது 4,571ஆக இறங்கியது. 2021இல் மறுபடி 13,000ஐத் தாண்டியது. 2025க்கான முதல்நிலை மதிப்பீடு 5,796. நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படங்களை வைத்து எடுத்துவரும் ‘புரோடெஸ்’ கணக்கு இது. வளரும் நாடுகளில் இவ்வளவு நீண்ட, தொடர்ச்சியான, பொதுவெளியில் கிடைக்கும் காட்டுக் கணக்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அதனாலேயே இந்த ஒரு நாட்டின் கதையை உன்னிப்பாகப் பார்ப்பது பயன்தரும்.

காடு காக்கும் கொள்கையைப் பற்றிய சர்வதேசப் பேச்சில் பணமே முதலில் வந்து நிற்கிறது. பணக்கார நாடுகள் கொடுத்தால் ஏழை நாடுகள் மரத்தை வெட்டாமல் விடும் என்பது அதன் சாரம். பிரேசிலின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. வெட்டினால் என்ன நடக்கும் என்று வெட்டுபவருக்குத் தெரிந்திருந்த ஆண்டுகளில் காடு நின்றது. அந்தத் தெளிவு போன ஆண்டுகளில் விழுந்தது. பணம் இரண்டு காலத்திலும் பின்னால்தான் வந்தது. இன்னொன்றும் உண்டு. எந்த ஏற்பாட்டை ஒரே கையெழுத்தில் நீக்க முடிந்ததோ அது நீக்கப்பட்டது. நீக்கக் கடினமாக இருந்தது தப்பியது. இந்த ஆய்வின் மையம் இதுதான்.

பின்னணி

1970களின் இராணுவ ஆட்சி அமேசானை வெற்றிடமாகப் பார்த்தது. டிரான்ஸ் அமேசான் நெடுஞ்சாலை 1972இல் திறக்கப்பட்டது. சாலையோரம் குடியேறுபவர் காட்டை வெட்டித் திருத்தினால், அதுவே நிலத்தைப் பயன்படுத்துவதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வெட்டியவனுக்கே நிலம் என்ற அந்தப் பழக்கம் ஆட்சி மாறியும் மாறவில்லை. ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களின் தலைவர் சீக்கோ மென்டெஸ் 1988 டிசம்பரில் ஆக்ரி மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே இயக்கத்தில் உருவானவர், ரப்பர் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து பதினாறு வயதில் எழுத்தறிவு பெற்ற மரீனா சில்வா. 2003இல் அவர் சுற்றுச்சூழல் அமைச்சரானார்.

அவர் முன்னால் இருந்த சிக்கலைப் புரிந்துகொள்ள, ஒரு துண்டுக் காடு எப்படி மேய்ச்சல் நிலமாகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் இப்பே போன்ற விலையுயர்ந்த மரங்கள் மட்டும் வெட்டி எடுக்கப்படும். மேலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதாகத் தோன்றும். பிறகு புதர்களும் சிறு மரங்களும் வெட்டப்படும். மழை ஓய்ந்ததும் பெரிய மரங்கள் சாய்க்கப்படும். சில இடங்களில் இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனத்த இரும்புச் சங்கிலியைக் கட்டி இழுத்தே சாய்ப்பார்கள். விழுந்தவை சில வாரங்கள் வெயிலில் காயும். ஆகஸ்ட், செப்டம்பரில் தீ வைப்பார்கள். சாம்பல் மேல் புல் விதை தூவி மாடுகளை விடுவார்கள். மாடு நின்றுவிட்டால் நிலத்துக்கு விலை வந்துவிட்டது. அதன்பின் அந்த நிலத்தை விற்கலாம், அதைக் காட்டிக் கடன் வாங்கலாம், அடுத்த ஆட்சியிடம் பட்டாவும் கேட்கலாம்.

ஆக, காடு அழிவதன் நோக்கம் பெரும்பாலும் மாட்டிறைச்சி மட்டுமல்ல. அரசுக்குச் சொந்தமான, யாருக்கும் ஒதுக்கப்படாத நிலத்தை வளைத்துப்போடுவதே அடிப்படைத் தொழில். மாடு அதற்கு ஒரு கையெழுத்துப் போலப் பயன்படுகிறது. இதைக் கவனிக்காத எந்தக் காடு காக்கும் திட்டமும் மேல்பூச்சாகவே முடியும்.

2004 திட்டம்: பார்க்கும் கண்ணும் தடுக்கும் கையும்

2004 மார்ச்சில் அமேசான் காடழிப்புத் தடுப்புச் செயல்திட்டம் தொடங்கியது. அதைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் மட்டும் விடாமல், அதிபரின் நேரடி அலுவலகத்தின் கீழ் 13 அமைச்சகங்களைச் சேர்த்து நடத்தினார்கள். சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் பெரிய முடிவு. சாலை போடும் அமைச்சகமும் கடன் கொடுக்கும் அமைச்சகமும் வேறு திசையில் இழுத்தால், சுற்றுச்சூழல் அமைச்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

அதே ஆண்டில் இன்பே ‘டெட்டர்’ என்ற எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தது. புரோடெஸ் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குச் சொல்லும். அது வரும்போது காடு எரிந்து முடிந்திருக்கும். டெட்டர் காட்டில் புதிதாக விழுந்த வெட்டை உடனுக்குடன் காட்டியது. தொடக்கத்தில் அதன் பார்வை கூர்மையானதல்ல. படத்தின் ஒரு புள்ளி 250 மீட்டர் அகலம் கொண்டது. 25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டுகள் பொதுவாகக் கண்ணில் படாது. மேகம் மூடினால் ஒன்றுமே தெரியாது. ஆனாலும் ‘இபாமா’ என்ற மத்திய அமலாக்க அமைப்பின் கண்காணிப்பாளர்கள், சங்கிலி இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே போய் நிற்க முடிந்தது. அபராதம் விதிப்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதிதான். பெரும்பாலான அபராதங்கள் வழக்கில் இழுபட்டு வசூலாகாமலே போயின. உண்மையில் வலித்தது மற்ற இரண்டு: வெட்டப்பட்ட நிலத்தின் மேல் பயன்பாட்டுத் தடை விதித்து அதைப் பொதுப் பட்டியலில் போடுவது, பிடிபட்ட இயந்திரத்தை அங்கேயே அழிப்பது. சாலையே இல்லாத இடத்திலிருந்து புல்டோசரை மீட்டுக் கொண்டுவர முடியாது என்பதால், இரண்டாவது அதிகாரத்தை 2008இன் அரசாணை தெளிவாகவே கொடுத்தது.

வீட்டுக்குள்ளும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 2005 ஜூனில் மாட்டோ க்ரோசோ மாநிலத்தில் நடந்த காவல்துறை நடவடிக்கையில், மரம் கொண்டுசெல்லும் அனுமதிச்சீட்டுகளை விற்ற இபாமா அதிகாரிகளே கைதானார்கள். வேலியே பயிரை மேய்ந்த நிலை. அதைத் தன் காலத்திலேயே, தன் அமைச்சகத்தின் கீழேயே வெளிக்கொண்டுவந்ததை மரீனா சில்வாவின் பெரிய செயல்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

அதே ஆண்டு பிப்ரவரியில், பாரா மாநிலத்தின் அனாப்புவில் சிறு விவசாயிகளுக்காக நின்ற 73 வயது கன்னியாஸ்திரி டோரத்தி ஸ்டாங் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது. சில நாட்களுக்குள் அரசு அதே பகுதியில் 33 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தைச் சூழலியல் காப்பிடமாக அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இப்படிப் பல கோடி ஹெக்டேர், அதுவும் வெட்டு முன்னேறிவரும் முகப்பிலேயே, பாதுகாக்கப்பட்ட பகுதியானது. ஒதுக்கப்படாத நிலம் ஒதுக்கப்பட்ட நிலமானால் அதை வளைத்து லாபமில்லை. வளைப்பவனின் கணக்கையே மாற்றிய நடவடிக்கை இது.

சந்தையும் ஒரு பங்கு ஆற்றியது. 2006 ஜூலையில் சோயா வணிக நிறுவனங்கள், புதிதாக அழிக்கப்பட்ட அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டன. இறைச்சிக்கான ஏற்பாடு 2009இல் மத்திய அரசு வழக்குரைஞர்களின் அழுத்தத்தில் வந்தது. அதன் ஓட்டை பற்றிப் பிறகு பார்ப்போம்.

கடன் கதவு

2007இன் இறுதியில் காடழிப்பு மீண்டும் தலைதூக்கியது. அப்போது அரசு எடுத்த இரண்டு முடிவுகளே இந்த வரலாற்றின் கூர்மையான பகுதி என்பது என் கணிப்பு.

முதலாவது, 2007 டிசம்பர் அரசாணை. காடழிப்பு அதிகமுள்ள நகராட்சிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 2008 ஜனவரியில் வந்த முதல் பட்டியலில் 36 நகராட்சிகள். இரண்டாவது, நாட்டின் கடன் விதிகளை வகுக்கும் தேசிய நாணயக் கவுன்சிலின் 3545ஆம் எண் தீர்மானம். 2008 ஜூலை முதல் அமேசானில் வேளாண் கடன் வேண்டுமானால் நில ஆவணம் காட்ட வேண்டும், சுற்றுச்சூழல் விதிக்கு உட்பட்டதற்கான சான்று காட்ட வேண்டும், நிலம் தடைப் பட்டியலில் இருக்கக் கூடாது. கிராமப்புற வங்கிக் கிளையின் ஊழியர் ஒருவர், கடன் மனுவை எடுத்துக்கொண்டு இபாமாவின் தடைப் பட்டியலைத் திறந்து பார்க்கிறார். பெயர் இருந்தால் மனு அங்கேயே நிற்கிறது. துப்பாக்கியும் ஹெலிகாப்டரும் போகாத இடத்துக்கு அந்த ஊழியரின் கேள்வி போனது. விவசாய மாநிலங்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மரீனா சில்வா 2008 மே மாதம் பதவி விலகினார். தீர்மானம் விலகவில்லை.

பட்டியல் என்ன செய்தது என்பதற்கு பாரா மாநிலத்தின் பரகோமினாஸ் நகராட்சியைப் பார்க்கலாம். 1990களில் நூற்றுக்கணக்கான மர அறுவை ஆலைகள் ஓடிய ஊர். முதல் பட்டியலிலேயே இடம் பிடித்தது. கடன் அடைபட்டது, வாங்குவோர் தயங்கினர். உள்ளூர் பண்ணையாளர்கள், வணிகர்கள், தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து காடழிப்பை நிறுத்த ஒப்பந்தம் செய்தார்கள். 2008 நவம்பரில், பறிமுதல் செய்யப்பட்ட மரத்தை மீட்க ஒரு கும்பல் இபாமா அலுவலகத்தைத் தாக்கி வாகனங்களை எரித்தது. ஒப்பந்தம் அன்றே உடைந்திருக்கலாம். மாறாக, நகராட்சித் தலைமை தாக்குதலை வெளிப்படையாகக் கண்டித்து ஒப்பந்தத்தைத் தொடர்ந்தது. பட்டியலிலிருந்து வெளியே வர இரண்டு நிபந்தனைகள்: தனியார் நிலத்தில் 80 சதவீதம் கிராமப்புறச் சுற்றுச்சூழல் பதிவேட்டில் ஏற வேண்டும்; ஆண்டுக் காடழிப்பு 40 சதுர கிலோமீட்டருக்குக் கீழே வர வேண்டும். 2010இல் பரகோமினாஸ் இரண்டையும் நிறைவேற்றி, பட்டியலிலிருந்து வெளியேறிய முதல் நகராட்சியானது.

இதில் கவனிக்க வேண்டியது, தண்டனை ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. காட்டை வெட்டாதவருக்கும் கடன் கிடைப்பது கடினமானது. நியாயமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதுதான் வெட்டுபவனைப் பக்கத்துப் பண்ணையாளரே கேள்வி கேட்க வைத்தது. வெளியேறும் வழியும் எழுத்தில் தெளிவாக இருந்தது. வழி சொல்லாத தண்டனை வெறுப்பை மட்டுமே வளர்த்திருக்கும்.

பணம் எங்கே வந்தது

அமேசான் நிதி 2008 ஆகஸ்டில் உருவானது. நிர்வாகம் பிரேசிலின் தேசிய வளர்ச்சி வங்கியிடம். நார்வே 100 கோடி டாலர் வரை தர முன்வந்தது. ஜெர்மனி பின்னர் சேர்ந்தது. கணக்கிடும் முறை எளிமையானது. 1996 முதல் 2005 வரையிலான சராசரி, ஆண்டுக்கு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் 100 டன் கார்பன் மிச்சம் என்று குறைவாகவே மதிப்பிட்டார்கள். கார்பன் டையாக்சைடாக மாற்றினால் சுமார் 367 டன். டன்னுக்கு 5 டாலர். ஆக ஹெக்டேருக்கு 1,800 டாலருக்குச் சற்று மேல். கொடுத்த நாட்டுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ் மட்டும். அதை விற்கவோ, தன் புகையை ஈடுகட்டிக் காட்டவோ முடியாது. இந்தக் கடைசி நிபந்தனையில் பிரேசில் உறுதியாக நின்றது சரியென்றே நினைக்கிறேன். காட்டைக் காப்பது இன்னொரு நாட்டின் புகைபோக்கிக்கு அனுமதிச்சீட்டாகக் கூடாது.

ஆனால் வரிசையைப் பாருங்கள். காடழிப்பு 2004லிருந்தே இறங்கத் தொடங்கிவிட்டது. 2007க்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நிதியின் முதல் பணம் அதற்குப் பிறகு. நடந்துமுடிந்த வெற்றிக்கான பரிசாகத்தான் அது வந்தது. பணம் வீணானது என்று சொல்லவில்லை. மாநிலங்களின் தீயணைப்புப் படைகளுக்கும், நிலப் பதிவேட்டுக்கும், பூர்வகுடி அமைப்புகளின் திட்டங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆனால் செயல்திட்டத்தின் மூன்று தூண்களில் மிகவும் தளர்ந்து கிடந்தது, காட்டை வெட்டாமல் பிழைக்கும் வழியை உருவாக்கும் மூன்றாவது தூண்தான். பணத்தால் செய்யக்கூடிய வேலை அதுவே. அங்கேதான் வேலை குறைவாக நடந்தது.

ஈக்வடோரின் யசூனி பூங்கா இதன் மறுபக்கம். நிலத்தடி எண்ணெயை எடுக்காமல் விட 360 கோடி டாலர் தாருங்கள் என்று உலகைக் கேட்டார்கள். 2013இல் திட்டம் கைவிடப்பட்டபோது வந்துசேர்ந்தது அதில் மிகச் சிறிய துளி. 2023 ஆகஸ்டில் மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் எண்ணெய் வேண்டாம் என்றார்கள். வெளிநாட்டுப் பணத்தால் ஆகாததை உள்நாட்டு வாக்குச்சீட்டு செய்தது.

சரிவு

2012இல் புதிய வனச் சட்டம் வந்தது. அமேசான் காட்டுப் பகுதியில் உள்ள தனியார் நிலத்தில் 80 சதவீதம் காடாகவே இருக்க வேண்டும் என்ற விதி நீடித்தது. ஆனால் 2008 ஜூலைக்கு முன் சட்டத்தை மீறி வெட்டியவர்களுக்குப் பெருமளவு மன்னிப்பும் கிடைத்தது. வெட்டியவன் காத்திருந்தால் போதும், அரசு ஒருநாள் இறங்கிவரும் என்ற செய்தி காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின. 2018இல் 7,536. அதாவது, போல்சனாரோ 2019இல் அதிபராக வருவதற்கு முன்பே சரிவு ஆரம்பித்துவிட்டது. அவர் அதை வேகப்படுத்தினார்.

2019 ஏப்ரலில் இரண்டு அரசாணைகள். ஒன்று, அரசு சார்ந்த ஆலோசனைக் குழுக்களைக் கூட்டமாகக் கலைத்தது. அமேசான் நிதியை வழிநடத்திய குழுவும் அதில் போனது. நார்வேயும் ஜெர்மனியும் பணத்தை நிறுத்தின. 300 கோடி ரெயாலுக்கும் மேல் வங்கியில் உறைந்து கிடந்தது. மற்றது, சுற்றுச்சூழல் அபராதங்களுக்குச் சமரசக் கூட்டம் என்ற ஒரு படியைச் சேர்த்தது. கூட்டம் நடக்கும்வரை அபராதம் நகராது. கூட்டங்களோ அரிதாகவே நடந்தன. செயல்திட்டமும் கைவிடப்பட்டது. எச்சரிக்கைகள் டெட்டரிலிருந்து வந்துகொண்டே இருந்தன. போய் நிற்கத்தான் ஆள் இல்லை.

எண்கள் பொய் என்று அதிபர் சொன்னார். இன்பே தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் வெளிப்படையாக மறுத்தார். 2019 ஆகஸ்டில் பதவியிழந்தார். அந்த ஆண்டுக் கணக்கு 10,129 என்று வந்தது. அவர் சொன்னதே சரி. 2021இன் 13,000க்கு மேற்பட்ட எண் அக்டோபர் 27 தேதியிட்டுத் தயாராக இருந்தும், கிளாஸ்கோ காலநிலை மாநாடு முடிந்த பிறகே வெளியிடப்பட்டது. இருந்தும் வெளியானது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தலைவரை நீக்க முடிந்தது; முப்பது ஆண்டுகளாக ஒரே முறையில் எடுக்கப்பட்டுவந்த கணக்கை அழிக்க முடியவில்லை. அதைக் காத்த விஞ்ஞானிகளுக்கு இந்தக் காடு கடன்பட்டிருக்கிறது.

2009 கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பிரேசில் உறுதிகொடுத்து, 2010இல் அரசாணையிலும் எழுதிய இலக்குப்படி, 2020இல் காடழிப்பு 3,925 சதுர கிலோமீட்டருக்குள் இருந்திருக்க வேண்டும். நடந்தது 10,851.

எது விழுந்தது, எது நின்றது

அரசாணையால் பிறந்த குழு அரசாணையால் இறந்தது. கள அதிகாரிகள், பட்ஜெட்டும் மேலிடத்து ஆதரவும் இல்லாமல் முடங்கினர். ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ரத்தாகவில்லை. அரசியலமைப்பின் 225ஆம் பிரிவுப்படி அவற்றை அரசாணையால் உருவாக்கலாம். குறைக்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். ஏறுவது எளிது, இறக்குவது கடினம். அளந்து அறிவிக்கப்பட்ட பூர்வகுடி நிலங்களும் அப்படியே நின்றன. ஒரு புதிய நிலத்தைக்கூட அறிவிக்க மாட்டேன் என்ற போல்சனாரோவால் பழையதை அழிக்க முடியவில்லை. ஊடுருவல் நடந்தது, தங்கச் சுரங்கக்காரர்கள் புகுந்தார்கள், உயிர்கள் போயின. அதை மறைக்கக் கூடாது. ஆனால் சட்ட வேலி காகிதத்தில் இருந்ததால்தான் 2023இல் திரும்பி வந்தவர்கள் அந்த இடத்தில் மறுபடி நிற்க முடிந்தது.

நீதிமன்றமும் நின்றது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பாரிஸ் ஒப்பந்தம் மனித உரிமை ஒப்பந்தங்களின் தகுதி கொண்டது என்று சொன்னது. நவம்பரில் அமேசான் நிதியை மீண்டும் இயக்க உத்தரவிட்டது. 2024 மார்ச்சில், செயல்திட்டத்தை உண்மையாக நிறைவேற்றுவது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது.

2023 ஜனவரி முதல் நாளிலேயே அதிபர் லூலாவின் மூன்றாவது அரசு நிதியையும் திட்டத்தையும் உயிர்ப்பித்தது. மரீனா சில்வா மீண்டும் அமைச்சரானார். 2022இன் 11,594 மூன்று ஆண்டுகளில் பாதியாகிவிட்டது. புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய கருவிகளை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தினார்கள்.

கணக்கில் வராதவை

மாட்டின் பயணம் முதல் ஓட்டை. கன்று ஒரு பண்ணையில் பிறக்கிறது, இன்னொன்றில் வளர்கிறது, மூன்றாவதில் கொழுக்கிறது, பிறகு இறைச்சிக்கூடம் போகிறது. இறைச்சி நிறுவனங்கள் சோதிப்பது பெரும்பாலும் கடைசிப் பண்ணையை. தடைப் பட்டியலில் உள்ள நிலத்தில் பிறந்த கன்று, நடுவில் ஒரு சுத்தமான பண்ணையின் வழியே போனால் அதன் பிறப்பிடம் மறைந்துவிடும். ஒவ்வொரு நகர்வுக்கும் கால்நடைப் போக்குவரத்துச் சீட்டு உண்டு. ஆனால் அது நோய்த் தடுப்புக்கான ஆவணம். சுற்றுச்சூழல் சோதனைக்கு முழுமையாகத் திறந்துவிடப்படவில்லை. தகவல் அரசின் கையிலேயே இருக்கிறது, பயன்படுத்தத்தான் அனுமதியில்லை. இதைப் படிக்கும் எவருக்கும் ஆற்றாமை வரும்.

இரண்டாவது, தீ. நிற்கும் காடு உள்ளுக்குள் எரிந்தால், மரங்கள் முழுதும் விழாதவரை அது காடழிப்பாகப் பதிவாகாது. 2023, 2024 வறட்சியில் மனாவுஸில் ரியோ நெக்ரோ ஆறு 1902 முதலான பதிவுகளில் இல்லாத தாழ்வை அடுத்தடுத்துத் தொட்டது. ஈரக்காடு எரியும் காடாகிறது. வெட்டுபவனைத் தடுக்க அமைந்த ஏற்பாட்டுக்கு இதைக் கையாளும் வலு இன்னும் வரவில்லை.

மூன்றாவதும் மிகப் பெரியதும், இன்னும் எதற்கும் ஒதுக்கப்படாத பொதுக் காடு: 5 கோடி ஹெக்டேருக்கும் மேல். சுற்றுச்சூழல் பதிவேட்டில் நில விவரத்தை உரிமை கோருபவரே பதிவு செய்கிறார்; சரிபார்ப்பு பின்னால் வரும், அல்லது வராமலே போகும். பரகோமினாஸில் ஒழுங்குக்குப் பயன்பட்ட அதே பதிவேடு, இங்கே வளைத்த நிலத்துக்கு ஆவணச் சாயம் பூசப் பயன்படுகிறது.

2025 நவம்பரில் பெலெம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், வெப்பமண்டலக் காடுகளுக்கான புதிய நிதியம் தொடங்கப்பட்டது. நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டாலர் வரை, அதில் ஐந்தில் ஒரு பங்கு பூர்வகுடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் என்பது திட்டம். குறைத்ததற்குக் கொடுப்பதைவிட வைத்திருப்பதற்குக் கொடுப்பது நல்ல மாற்றம். அதே மாதம், மாநாடு முடிந்த சில நாட்களில், சுற்றுச்சூழல் அனுமதிச் சட்டத்தைத் தளர்த்தும் பிரிவுகளுக்கு அதிபர் போட்டிருந்த தடைகளில் பெரும்பாலானவற்றை நாடாளுமன்றம் நீக்கியது. சோயா ஒப்பந்தமும் 2025இல் வணிகப் போட்டி ஆணையத்தின் விசாரணையிலும் மாநில அரசின் வரி அழுத்தத்திலும் சிக்கியது.

எனவே அரசு முதலில் செய்ய வேண்டியது அந்த 5 கோடி ஹெக்டேரைப் பூர்வகுடி நிலமாகவோ, சமூகங்கள் பயன்படுத்தும் காப்புக்காடாகவோ, பூங்காவாகவோ அறிவிப்பது. அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டாம், வெளிநாட்டுப் பணமும் வேண்டாம், அரசாணை போதும். அடுத்து வருபவர் அதை நீக்க நினைத்தால் இரு அவைகளிலும் வாக்குத் தேட வேண்டியிருக்கும்.